கறுப்புப் பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்தவர்: ஹென்றி டிசார்ட்டும் ஓர் அனுமதிப்பத்திரமும்

நான் யாழ்ப்பாணத்தில் நில அளவையாளராக வேலை செய்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் கடல்நீரேரியின் ஒரு பகுதியை ஆழம் பார்த்து வரைபடம் தயாரிக்கும் வேலை ஒன்று வந்தது. அங்கே பல இடங்களில் தண்ணீர் இடுப்பளவு, சில இடங்களில் முழங்காலளவு. ஒலி அலையால் ஆழம் பார்க்கும் கருவியை வள்ளத்தில் பூட்டிக்கொண்டு போனால் வள்ளமே சேற்றில் தட்டி நின்றுவிடும். இப்படிப்பட்ட இடங்களுக்கென்றே ஒரு கருவி இருக்கிறது. ட்ரோனில் பொருத்தி மேலிருந்து பச்சை லேசர் ஒளியைக் கீழே அனுப்பினால், தண்ணீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியையும் அடித்தரையில் பட்டுத் திரும்பும் ஒளியையும் பிரித்தறிந்து ஆழத்தைச் சொல்லிவிடும். வாங்குவதற்குக் காசில்லை. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிடம் மூன்று மாதத்துக்கு வாடகைக்கு எடுக்கலாம் என்று கேட்டு எழுதினேன்.

பதிலாக வந்தது விலைப்பட்டியல் அல்ல, ஒரு படிவம். கருவியை யார் பயன்படுத்தப் போகிறார்கள், எந்த இடத்தில், எதற்காக, வேறு யாருக்காவது கைமாற்றுவீர்களா, ஆயுதம் எதற்காவது உதவுமா என்று கேள்விகள். இறுதிப் பயனாளர் உறுதிமொழி என்பது அதன் பெயர். அதை வைத்து அந்த நிறுவனம் தன் அரசாங்கத்திடம் ஏற்றுமதி அனுமதிப்பத்திரம் கேட்க வேண்டும். அனுமதி கிடைத்தால்தான் கருவி விமானம் ஏறும்.

நான் நிரப்பி அனுப்பினேன். பிறகு காத்திருந்தேன். காத்திருந்த மாதங்களில், இந்தப் பட்டியல்கள் எங்கிருந்து தொடங்கின என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். அப்படித்தான் சேர் ஹென்றி டிசார்ட் என்ற ஆங்கிலேயரின் வாழ்க்கை எனக்கு அறிமுகமானது. அவர் ஏற்றுமதிச் சட்டம் எதையும் எழுதியவரல்லர். ஆனால், ஒரு நாடு தன் கையில் இருக்கும் மிகப் பெரிய இரகசியத்தைப் பூட்டி வைப்பதா, கொடுப்பதா என்ற கேள்வியை அவரளவுக்கு நேருக்கு நேர் சந்தித்தவர்கள் குறைவு.

கடலாழம் பார்த்தவரின் மகன்

1885 ஓகஸ்டில் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் ஜிலிங்ஹாம் என்ற ஊரில் டிசார்ட் பிறந்தார். அவருடைய தகப்பனார் தோமஸ் டிசார்ட் கடற்படை அதிகாரி. உலகக் கடல்களின் ஆழத்தை அளந்த சலஞ்சர் என்ற கப்பலில் 1872 முதல் வழிகாட்டும் அதிகாரியாகப் போனவர். கயிற்றின் நுனியில் பாரத்தைக் கட்டி இறக்கி, எண்ணாயிரம் மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தை 1875 இல் அந்தக் கப்பல் அளந்தது. தடியைக் குத்திக் கடல்நீரேரியை அளக்கும் எனக்கு இந்தத் தகவல் உடனே ஒட்டிக்கொண்டது.

மகனும் கடற்படைக்குத்தான் போக வேண்டியவர். ஒரு கண்ணில் ஏற்பட்ட பார்வைக் குறை அந்த வழியை அடைத்துவிட்டது. ஒக்ஸ்போர்டில் இரசாயனம் படித்தார். 1908 இல் மேற்படிப்புக்காக பேர்லினுக்குப் போய் நேர்ன்ஸ்ட் என்ற புகழ்பெற்ற விஞ்ஞானியின் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். அங்கேதான் பிரெடெரிக் லின்டெமன் அவருக்கு நண்பரானார். ஒருநாள் இருவரும் குத்துச்சண்டை பழகியபோது டிசார்ட் வென்றதாகவும், லின்டெமன் அதை மனதில் வைத்துக்கொண்டதாகவும் ஒரு கதை உண்டு. பின்னாளில் லின்டெமன் ஒக்ஸ்போர்டில் பேராசிரியராவதற்குத் துணைநின்றவர்களில் டிசார்ட்டும் ஒருவர். இந்த நட்பு முறிந்தபோது, அது இரண்டு தனிமனிதரின் பிரச்சினையாக மட்டும் நிற்கவில்லை.

முதலாம் உலகப் போரில் டிசார்ட் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். கண் குறையுள்ள இரசாயனவியலாளர் ஒருவர் புதிய விமானங்களைத் தானே மேலே கொண்டுபோய்ச் சோதித்தார். விமானியின் பயமும் களைப்பும் அவருக்குத் தெரிந்திருந்தன. கருவியைச் செய்பவருக்கும் அதைப் பயன்படுத்துபவருக்கும் இடையில் இருக்கும் தூரத்தைக் குறைப்பதுதான் தன் வேலை என்று அவர் பிற்காலம் முழுவதும் நடந்துகொண்டதற்கு இந்த அனுபவமே காரணம் என்று நினைக்கிறேன். போருக்குப் பின் எரிபொருள் ஆராய்ச்சி, அரசாங்க விஞ்ஞானத் திணைக்களத்தின் செயலாளர் பதவி, 1929 இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் தலைமை என்று உயர்ந்தார்.

கருவி மட்டும் போதாது

1930களின் நடுப்பகுதியில் ஜேர்மனியின் விமானப்படை வளர்ந்துகொண்டிருந்தது. வானிலிருந்து வரும் குண்டுவீச்சுக்கு மாற்று இல்லை என்று பிரித்தானிய அரசியல்வாதிகளே நம்பிய காலம் அது. வான் பாதுகாப்புக்கு விஞ்ஞானம் ஏதாவது செய்யுமா என்று பார்க்க ஒரு குழு அமைக்கப்பட்டது. அதற்கு டிசார்ட் தலைவர். 1935 ஜனவரி 28 அன்று குழு முதன்முறையாகக் கூடியது.

எதிரி விமானத்தை எரித்து வீழ்த்தும் கதிர் ஒன்றை உருவாக்க முடியுமா என்று அப்போது ரொபர்ட் வொட்சன் வொட் என்ற வானொலி விஞ்ஞானியிடம் கேட்கப்பட்டது. அவருடைய உதவியாளர் ஆர்னோல்ட் வில்கின்ஸ் கணக்குப் போட்டுப் பார்த்து, எரிக்க முடியாது, ஆனால் விமானத்தில் பட்டுத் திரும்பும் வானொலி அலையைப் பிடிக்கலாம் என்று கண்டார். பெப்ரவரி 26 அன்று டவென்றி என்ற ஊருக்கு அருகில் பிபிசியின் ஒலிபரப்பு அலையைப் பயன்படுத்திச் சோதனை நடந்தது. ஒரு குண்டுவீச்சு விமானம் ஏறத்தாழ 13 கிலோமீற்றர் தூரத்தில் இருந்தபோதே கண்டறியப்பட்டது. ராடார் தொடங்கியது அங்கேதான் என்று பிரித்தானியர்கள் சொல்வார்கள். அதே காலத்தில் ஜேர்மனியிலும் அமெரிக்காவிலும் வேறு நாடுகளிலும் இதே எண்ணத்தில் தனித்தனியாக வேலை நடந்துகொண்டிருந்தது.

டிசார்ட்டின் பங்களிப்பு கருவியைக் கண்டுபிடித்ததில் இல்லை. கருவி தரும் தகவல் யாரிடம் போகவேண்டும், எத்தனை நிமிடத்தில் போகவேண்டும், அதைக் கேட்ட விமானி எந்தத் திசையில் திரும்பவேண்டும் என்பதை அவர் ஒழுங்குபடுத்தினார். 1936 இல் பிகின் ஹில் விமானத் தளத்தில் உண்மையான விமானிகளை வைத்து ஒத்திகை பார்த்தார். எதிரியைச் சந்திக்க எந்தக் கோணத்தில் பறக்கவேண்டும் என்பதற்கு அவர் சொன்ன எளிய முறையை விமானிகள் அவருடைய பெயரைச் சுருக்கி டிஸ்ஸி கோணம் என்றே அழைத்தார்கள். 1940 கோடையில் ஜேர்மன் விமானங்கள் வந்தபோது பிரித்தானியா தப்பியதில் இந்த ஒழுங்குக்குப் பெரிய பங்கு உண்டு.

இதன் பொருள் என்ன என்பதை இலங்கையின் வானமே இரண்டு ஆண்டுகளின் பின் காட்டியது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. தீவில் ராடார் வந்திறங்கியிருந்தது. ஆனாலும் ரத்மலானையில் நின்ற போர் விமானங்களுக்கு நேரத்தோடு எச்சரிக்கை வந்து சேரவில்லை. நான்கு நாட்களின் பின் திருகோணமலை தாக்கப்பட்டபோது ராடார் முன்கூட்டியே கண்டுகொண்டது. விமானங்கள் மேலெழுந்து காத்திருந்தன. இரண்டு இடத்திலும் கருவி இருந்தது. ஓரிடத்தில்தான் ஒழுங்கு இருந்தது.

பதவியிழந்தவரின் பயணம்

லின்டெமன் 1935 இலேயே, வின்ஸ்டன் சேர்ச்சிலின் வற்புறுத்தலால், டிசார்ட்டின் குழுவுக்குள் வந்தார். ராடாருக்கு முதலிடம் கொடுப்பதை அவர் ஏற்கவில்லை. சண்டை முற்றி, மற்ற உறுப்பினர்களான பிளக்கெட்டும் ஏ.வி. ஹில்லும் விலகினார்கள். கடைசியில் லின்டெமன் இல்லாமல் குழு திரும்ப அமைக்கப்பட்டது. ஆனால் 1940 மே மாதத்தில் சேர்ச்சில் பிரதமரானதும் காற்றுத் திசை மாறியது. லின்டெமன் பிரதமரின் விஞ்ஞான ஆலோசகரானார். டிசார்ட்டின் சொல்லுக்கு இடமில்லாமல் போயிற்று. ஜூன் மாதத்தில் அவர் தன் பொறுப்பிலிருந்து விலகினார்.

அதே நேரத்தில் ஒரு பெரிய விடயம் முடிவெடுக்கக் காத்திருந்தது. அந்த ஆண்டு பெப்ரவரி 21 அன்று பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜோன் ரண்டல், ஹரி பூட் என்ற இருவர் மக்னெட்ரோன் என்ற கருவியின் புதிய வடிவத்தை இயக்கிப் பார்த்திருந்தார்கள். உள்ளங்கையில் அடங்கும் செப்புத் துண்டு. அதில் வட்டமாகத் துளைகள். ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் நீளமான வானொலி அலையை அதுவரை யாரும் காணாத வலுவுடன் அது உண்டாக்கியது. முந்திய ராடாருக்கு நூறு மீற்றருக்கும் மேல் உயர்ந்த கோபுரங்கள் தேவைப்பட்டன. இந்தச் சிறிய அலைக்கு விமானத்தின் மூக்கில் வைக்கக்கூடிய அன்ரனா போதும். நீருக்கு வெளியே தெரியும் நீர்மூழ்கிக் கப்பலின் ஒரு பகுதியைக்கூட அது காட்டிக்கொடுக்கும்.

பிரச்சினை என்னவென்றால், குண்டுவீச்சின் கீழ் இருந்த பிரித்தானியாவுக்கு அதைப் பெருந்தொகையாகச் செய்யத் தொழிற்சாலைகள் போதவில்லை. அமெரிக்காவிடம் தொழிற்சாலைகள் இருந்தன. ஆனால் அமெரிக்கா இன்னும் போரில் இல்லை. நடுநிலை நாடு ஒன்றுக்கு உயிர்நாடியான இரகசியத்தைக் கொடுத்தால் அது எங்கே கசியும் என்று யாருக்குத் தெரியும்? கொடுப்பதானால், விமானத்திலிருந்து துல்லியமாகக் குண்டு போடும் அமெரிக்காவின் நோர்டன் கருவியைப் பதிலுக்கு வாங்கவேண்டும் என்ற வாதமும் இருந்தது. அமெரிக்கர்களோ அந்த நேரத்தில் அதைத் தர மறுத்தார்கள்.

டிசார்ட்டின் நிலை வேறு. பேரம் பேசாமல் கொடுத்துவிட வேண்டும், கொடுத்த பிறகு அவர்களே தங்களிடம் இருப்பதைக் காட்டுவார்கள் என்பது அவருடைய கணக்கு. சேர்ச்சில் தயங்கி, பிறகு சம்மதித்தார். தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கும்படி, சில கிழமைகளுக்கு முன் ஓரங்கட்டப்பட்ட டிசார்ட்டையே கேட்டார்கள். தன்னை நாட்டை விட்டு அப்புறப்படுத்தும் ஏற்பாடோ என்ற சந்தேகம் அவருக்கும் இருந்தது. ஆனாலும் போனார்.

ஓகஸ்ட் நடுப்பகுதியில் டிசார்ட் விமானத்தில் முன்னே போனார். இரகசியங்கள் பின்னால் கப்பலில் வந்தன. கறுப்பு நிற உலோகப் பெட்டி ஒன்றுக்குள் மக்னெட்ரோனும், ஜெற் எஞ்சின் உட்படப் பல திட்டங்களின் ஆவணங்களும் இருந்தன. அதைக் கொண்டுவரும் பொறுப்பு எட்வர்ட் போவென் என்ற இளம் விஞ்ஞானியுடையது. லண்டனில் டாக்சிச் சாரதி பெட்டியை உள்ளே ஏற்ற மறுத்து கூரையில் வைத்துக் கட்டினார். ரயில் நிலையத்தில் சுமைதூக்கும் தொழிலாளி அதைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் விரைய, போவென் அவரைத் தவறவிட்டுவிடுவேனோ என்று பின்னால் ஓடினார். நாட்டின் மிகப் பெரிய இரகசியம் ஒரு கூலித் தொழிலாளியின் தோளில் போயிற்று. டச்சஸ் ஒஃப் றிச்மண்ட் என்ற கப்பல் செப்டெம்பர் 6 அன்று கனடாவின் ஹலிபக்ஸ் துறைமுகத்தை அடைந்தது.

செப்டெம்பர் 19 இரவு வொஷிங்டனில் அல்ஃபிரட் லூமிஸ் என்ற செல்வந்த விஞ்ஞானியின் தங்குமிடத்தில் வைத்து போவெனும் ஜோன் கொக்ரொஃப்டும் பெட்டியிலிருந்த செப்புத் துண்டை அமெரிக்கர்களுக்குக் காட்டினார்கள். அமெரிக்கர்களிடமிருந்த கருவிகள் அந்த அலைநீளத்தில் இதன் வலுவுக்குக் கிட்டவும் வரவில்லை. ஒக்டோபர் 6 அன்று பெல் ஆய்வுகூடத்தில் இயக்கிப் பார்த்தபோது ஐயம் எல்லாம் தீர்ந்தது. ஒரு வேடிக்கையும் நடந்தது. எக்ஸ்றே எடுத்துப் பார்த்தபோது கருவியில் எட்டுத் துளைகள். கூடவந்த வரைபடத்திலோ ஆறு. லண்டனுக்கு அழைத்துக் கேட்ட பிறகுதான், ஆறு, ஏழு, எட்டுத் துளைகளுடன் வெவ்வேறு மாதிரிகள் செய்யப்பட்டது தெரியவந்தது. இன்று ஒரு பொருளும் அதன் ஆவணமும் இப்படிப் பொருந்தாமல் போனால் சுங்கத்திலேயே நின்றுவிடும்.

அதன் விளைவாக மசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் கதிர்வீச்சு ஆய்வுகூடம் உருவானது. போர் முடிவதற்குள் அங்கே ஏறத்தாழ நாலாயிரம் பேர் வேலை செய்தார்கள். மேகத்துக்குள் வழிதெரியாமல் வரும் விமானத்தைத் தரையிலிருந்து பேசி இறக்கும் ராடாரும் அங்கேதான் பிறந்தது. அந்தக் கருவியுடன் பிரித்தானிய விமானப்படையில் பணியாற்றிய இளைஞர்களில் ஒருவர் ஆர்தர் சி. கிளார்க். 1956 இல் இலங்கைக்கு வந்து இங்கேயே வாழ்ந்து முடிந்த அதே கிளார்க்தான்.

டிசார்ட் இதையெல்லாம் அங்கிருந்து பார்க்கவில்லை. ஒக்டோபர் தொடக்கத்திலேயே நாடு திரும்பிவிட்டார். திரும்பியவருக்குப் பெரிய பதவி எதுவும் காத்திருக்கவில்லை.

பூட்டும் திறப்பும்

1942 இல் ஜேர்மன் நகரங்களில் தொழிலாளர் குடியிருப்புகளைக் குறிவைத்துக் குண்டு போட்டால் போரை வெல்லலாம் என்று லின்டெமன் கணக்குக் காட்டினார். அந்தக் கணக்கு ஐந்து மடங்கு மிகைப்படுத்தப்பட்டது என்று டிசார்ட் எதிர்த்தார். அவர் தோற்றார். அவருடைய ஆட்சேபம் அறத்தை விடக் கணக்கைப் பற்றியது என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் கணக்குப் பிழை என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிராமல் இருப்பதும் ஓர் அறம்தான். அந்த ஆண்டே ஒக்ஸ்போர்ட் மக்டலன் கல்லூரியின் தலைவராகப் போய்விட்டார்.

மக்னெட்ரோன் பற்றிய தயக்கம் அப்போதும் தீரவில்லை. நட்பு நாட்டுக்குக் கொடுத்தாயிற்று. ஆனால் அதை விமானத்தில் பூட்டி எதிரியின் நிலத்துக்கு மேலே அனுப்பலாமா? விமானம் விழுந்தால் கருவி எதிரியின் கைக்குப் போகும். செப்புக் கட்டியை வெடிவைத்தாலும் எளிதில் அழிக்க முடியாது. நீண்ட விவாதத்தின் பின் 1943 ஜனவரி இறுதியில் அனுப்பினார்கள். மூன்று நாட்களுக்குள், பெப்ரவரி 2 இரவு, ஒரு விமானம் ரொட்டர்டாமுக்கு அருகே வீழ்ந்தது. ஜேர்மானியர்கள் சிதைவிலிருந்து மக்னெட்ரோனை எடுத்தார்கள். ஒரு பொருளை எல்லை தாண்ட விட்டால், அது என்றைக்கும் உங்களுடையதாக இருக்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் அதற்குள் நட்பு நாடுகள் பல ஆண்டுகள் முன்னே போய்விட்டிருந்தன.

போர் முடிந்தது. 1946 ஓகஸ்டில் அமெரிக்கா அணுசக்தி பற்றிய ஒரு சட்டத்தை இயற்றி, அணு இரகசியங்களை எந்த வெளிநாட்டுக்கும் கொடுக்க முடியாதபடி கதவைச் சாத்தியது. அந்த வெளிநாடுகளில் பிரித்தானியாவும் அடக்கம். அணுகுண்டு சாத்தியம் என்று போரின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்கு எடுத்துச் சொன்ன நாடு அது. பேரம் பேசாமல் கொடுத்தவரின் நாட்டுக்கே கதவு மூடப்பட்டது. அந்தக் காலத்தில்தான் டிசார்ட் திரும்ப அழைக்கப்பட்டு, பாதுகாப்பு ஆராய்ச்சிக் கொள்கைக் குழுவுக்குத் தலைவரானார். பிரித்தானியா இனி ஒரு வல்லரசு அல்ல, வல்லரசு போல் நடந்துகொண்டால் நல்ல நாடாக இருக்கும் வாய்ப்பையும் இழக்கும் என்ற கருத்தை 1949 இல் அவர் எழுதி வைத்தார். கேட்க விரும்பியவர்கள் குறைவு.

மறுபக்கமும் உண்டு. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் பிரித்தானிய அரசாங்கம் ரோல்ஸ் ரோய்ஸ் ஜெற் எஞ்சின்களைச் சோவியத் ஒன்றியத்துக்கு விற்க அனுமதித்தது. சோவியத் பொறியியலாளர்கள் அதைப் பிரதி செய்து மிக் 15 போர் விமானத்தில் பூட்டினார்கள். 1950 இல் கொரியப் போரில் அந்த விமானங்கள் பிரித்தானியாவின் நட்பு நாடுகளுக்கு எதிராகவே பறந்தன. எல்லாவற்றையும் எல்லோருக்கும் கொடுத்துவிடலாம் என்று சொல்ல இந்தக் கதை இடம் தராது. மேற்கு நாடுகள் பரிஸில் கூடி, சோவியத் அணிக்கு விற்கக்கூடாத பொருட்களின் பட்டியலைப் பராமரிக்கும் குழுவை 1949 இல் உருவாக்கியதும் இந்தக் காலத்தில்தான். அது 1994 இல் கலைக்கப்பட்டது. அதன் இடத்துக்கு 1996 இல் வாசெனார் உடன்பாடு வந்தது. இன்று அதில் 42 நாடுகள். இந்தியா 2017 இல் சேர்ந்தது. இலங்கை உறுப்பு நாடல்ல.

டிசார்ட் 1952 இல் அரசாங்கப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, 1959 ஒக்டோபர் 9 அன்று தன் 74 ஆவது வயதில் இறந்தார்.

என் படிவம்

என்னுடைய கருவி அந்தப் பட்டியலின் ஆறாம் பிரிவில் இருக்கிறது: உணரிகளும் லேசர்களும். அந்தப் பட்டியலைப் பின்பற்றும் நாடுகளின் சட்டங்களில் ராடாருக்கும் லேசர் ராடாருக்கும் 6ஏ008 என்று இலக்கம். அதை வாசித்தபோது பட்டியல் குருட்டுத்தனமானது அல்ல என்று தெரிந்தது. வாகனங்களில் வரும் ராடாருக்கு விலக்கு இருக்கிறது. வானிலை ராடாருக்கு விலக்கு இருக்கிறது. நிலத்தை அளக்கும் லேசர் கருவிக்கும் பெரும்பாலும் விலக்கு இருக்கிறது. ஆனால் வானிலிருந்து கரையோரக் கடலின் ஆழத்தைக் குறிப்பிட்ட துல்லியத்தில் அளக்கும் கருவிக்கு, அதன் லேசர் 400 முதல் 600 நானோமீற்றருக்குள் இருந்தால், விலக்கு இல்லை. பச்சை ஒளி அதற்குள் விழுகிறது. கரையோர ஆழம் தெரிந்தவனால் படையை இறக்க முடியும் என்று ஊகிப்பதற்குப் பெரிய அறிவு தேவையில்லை.

ஒரே பொருளுக்கு இரண்டு பயன்கள் உண்டு என்பதை எங்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. 1990களில் வடக்கில் வளர்ந்தவர்களுக்கு அது வீட்டுக்குள்ளேயே தெரியும். ரோர்ச் பற்றரி தடை. யூரியா தடை. சீமெந்து தடை. எரிபொருள் தடை. ஜாம் போத்தலில் திரி போட்டு அம்மா ஏற்றிய விளக்கில் நான் படித்தேன். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். பற்றரியால் குண்டும் வெடிக்கும், பிள்ளையும் படிக்கும். தடை போட்டவர் முதலாவதை மட்டும் பார்த்தார். நாங்கள் இரண்டாவதை மட்டும் கண்டோம்.

அதே வானத்தில் கிபிர் விமானங்கள் வந்தன. அவை இஸ்ரேலில் செய்யப்பட்டவை, எஞ்சின் அமெரிக்க வடிவமைப்பு. எஞ்சின் தன்னுடையது என்பதற்காக, 1977 இல் எக்குவடோருக்கு அவற்றை விற்க அமெரிக்கா அனுமதி மறுத்தது. எங்கள் பதுங்குகுழிகளுக்கு மேலே பறந்தவற்றை யாரும் மறுக்கவில்லை. அவற்றுக்கும் எங்கோ ஒரு மேசையில் படிவம் நிரப்பப்பட்டிருக்கும், இறுதிப் பயனாளர் யார் என்ற கேள்விக்குப் பதில் எழுதப்பட்டிருக்கும். அதனால் கட்டுப்பாடே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. மேலிருந்து விழுவதைப் பார்த்தவன், அதை விற்றவரிடம் யாராவது கேள்வி கேட்டிருக்க வேண்டும் என்றுதான் நினைப்பான்.

என் வருத்தம் வேறு. போர் விமானம் வாங்கும் அரசாங்கத்துக்கு அதன் கையெழுத்தே உத்தரவாதம். கடல்நீரேரியின் சேற்றை அளக்கும் ஒருவனுக்காக உத்தரவாதம் சொல்ல யாரும் இல்லை. அவன் நாடு உடன்பாட்டில் இல்லை. அவன் ஊரின் பெயர் பழைய போர்ச் செய்திகளில் இருக்கிறது. படிவத்தைப் படிக்கும் அதிகாரிக்கு அவனைத் தெரியாது. 1940 இல் டிசார்ட் செய்தது இந்த இடைவெளியைத் தாண்டியதுதான். எதிரே இருப்பவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்று நேரில் போய்ப் பார்த்து, மனிதரை எடைபோட்டு, பிறகு கொடுத்தார். பட்டியல் பொருளை மட்டும்தான் எடைபோடும். மனிதரை எடைபோட ஒரு மனிதர் வேண்டும்.

எனக்கும் கடைசியில் அனுமதி கிடைத்தது. எட்டாவது மாதத்தில். அதற்குள் மாரி மழை தொடங்கி நீரேரி கலங்கிவிட்டது. கலங்கிய தண்ணீருக்குள் பச்சை ஒளி போகாது. வேலையை முடித்துக் கொடுக்கவேண்டிய திகதியும் கடந்துகொண்டிருந்தது. ஒரு கடற்றொழிலாளியின் வள்ளத்தில் ஏறி, அளவுக்கோடு போட்ட தடியைக் குத்திக் குத்தி ஆழத்தை எழுதினோம். அவருக்கு ஒவ்வொரு வாய்க்காலும் மனப்பாடம். எந்த இடத்தில் எவ்வளவு என்று நான் தடி வைக்கும் முன்னமே சொன்னார், பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

ஒருகாலத்தில் கறுப்புப் பெட்டிக்குள் கடல் கடந்த மக்னெட்ரோன் இன்று ஊரில் பல குசினிகளில் மைக்ரோவேவ் அடுப்புக்குள் இருந்து சோறு சூடாக்குகிறது. அதற்கு யாரும் உறுதிமொழி கேட்பதில்லை. எந்த இரகசியத்துக்கும் ஒரு காலம் உண்டு. பச்சை லேசரும் ஒருநாள் கடையில் கிடைக்கும். அதுவரை அந்தப் படிவத்தின் கடைசிக் கேள்விக்கு, எதற்காக என்ற கேள்விக்கு, நான் எழுதிய பதில் என்னிடம் ஒரு பிரதியாக இருக்கிறது. வள்ளங்கள் தரைதட்டாமல் போவதற்காக என்று எழுதியிருந்தேன்.